பரவால்லீங்க

நர்ஸ்கள் அறைக் கதவில் வியாழக்கிழமை ஒட்டிய சுற்றறிக்கையை சாஜிதா பேகம் நான்கு தடவை படித்துவிட்டாள். நான்காவது தடவையும் அது அதையேதான் சொன்னது. எமர்ஜென்சி வாசலில் இருக்கும் திரை எந்த நிறம் காட்டுகிறதோ, திங்கட்கிழமை முதல் அதுதான் முடிவு. சிவப்பு என்றால் உடனே டாக்டர். மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை என்றால் பெஞ்சு. நிறத்தை மாற்ற நர்ஸ்களுக்கு இருந்த பொத்தான் எடுக்கப்படும்.

இன்று சனிக்கிழமை. மூன்று மணிக்குக் கடைசிக் கூட்டம். அதில் கையெழுத்து ஆகிவிட்டால் பொத்தான் போனது போனதுதான்.

இதில் சாஜிதாவுக்கு வேறொரு சங்கடமும் இருந்தது. அந்தத் திரைக்கு மூளை செய்து கொடுத்த கம்பெனியில்தான் அவள் தம்பி முஜீப் வேலை பார்க்கிறான். ஆஸ்பத்திரி கையெழுத்துப் போட்டால் அவன் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால் அடுத்த மாதம் ஹுமேராவோடு நிக்காஹ். ஆகாவிட்டால் பெண்ணைப் பெற்றவர், ஹுமேராவின் அத்தா, என்ன சொல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் அதை ஏற்கெனவே மூன்று முறை சொல்லியிருந்தார்.

காலை ஆறு மணிக்கு, கோட்டைமேட்டு வீட்டில், அவள் கணவன் கரீம் டீயை ஆற்றியபடி மச்சினனைச் சீண்டிக்கொண்டிருந்தான். உக்கடத்தில் கார் சீட்டுக்கு ரெக்ஸின் உறை தைக்கும் கடை அவனுக்கு. சீண்டுவது உபதொழில்.

"மாப்ளே, உங்க கலர்ப் பொட்டி முன்னாடி நான் போயி உக்காந்தா என்ன கலர் காட்டும்?"

"உங்களப் பாத்தா கரண்டே போயிரும் மச்சான்."

"பாத்தியா சாஜி, உன் தம்பிய?"

சாஜிதா முக்காட்டில் ஊக்கைக் குத்திக்கொண்டே திரும்பினாள். "உங்க ரெண்டு பேருக்கும் வெளையாட்டு. நேத்து ஒரு அம்மாவுக்குப் பச்சை காட்டுச்சு. நான் வேற கேஸுல நின்னுட்டேன். மூணு மணி நேரம் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. கடைசில பாத்தா குடல்வால் வெடிக்கிற நெலமை."

"எல்லாத்துலயும் பச்சை தப்பா வரல அக்கா," என்றான் முஜீப். "நர்ஸுங்க மாத்துனது எவ்வளவு தெரியுமா? அஞ்சுல ஒண்ணு. அதுல முக்காவாசிக்குக் காரணமே போடல."

"காரணம் போட உன் லிஸ்டுல எடம் எங்கடா இருக்குது? காய்ச்சல், விபத்து, ரத்தக்கசிவு, மற்றவை. நாலே நாலு. மூஞ்சியப் பாத்தேன்னு போடறதுக்கு அதுல எது?"

"மூஞ்சி ஒரு காரணமாக்கா?"

"பதினெட்டு வருஷமா எனக்கு அதுதான்டா காரணம்."

முஜீப் டம்ளரைக் கீழே வைத்தான். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. அது தானா எதையும் கண்டுபுடிக்கல. உங்க ஆஸ்பத்திரியோட பழைய சீட்டு நாப்பதாயிரம் படிச்சுது. அதுல இருந்து கத்துக்கிச்சு. பரவால்லீங்கன்னு சொன்னவங்களுக்கு லேசான வலின்னு எழுதுனது நாங்க இல்ல. நீங்க."

கரீம் டீயை ஆற்றுவதை நிறுத்தினான்.

சாஜிதாவுக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் பஸ் ஏறினாள். டவுன்ஹால் தாண்டுவதற்குள் கோபம் இறங்கி அந்த இடத்தில் சந்தேகம் உட்கார்ந்துகொண்டது. அப்படி எழுதினோமா?

ஒன்பதே முக்காலுக்கு சூலூரிலிருந்து பாலுசாமி வந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர். அறுபதை நெருங்கும் வயது, வெள்ளைச் சட்டை, காதில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியைக்கூடத் தட்டிவிடாமல் கிளம்பியிருந்தார். கூட மகள் ஷ்ரவ்யா.

அவருக்கு முன்னால் திரை எதிரே உட்கார்ந்திருந்தவன் ஆர்.எஸ்.புரத்துப் பையன். ஷட்டில் ஆடியதில் கணுக்கால் சுளுக்கு. தாங்கவே முடியவில்லை என்று பாதி இங்கிலீஷில் கத்தினான். மஞ்சள்.

பாலுசாமி உட்கார்ந்தார். திரையிலிருந்து ஒரு பெண் குரல், "வணக்கம்," என்றது.

"வணக்கமுங்க," என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்களுக்கு என்ன செய்கிறது?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க. ஒரு மாதிரியா இருக்குதுங்க."

"வலி எந்த அளவுக்கு இருக்கிறது?"

"பரவால்லீங்க."

குரல் மூன்று நொடி பொறுத்தது. அதற்கு அவ்வளவுதான் பொறுமை வைத்திருந்தார்கள். திரை பச்சையானது. "நன்றி. தயவுசெய்து காத்திருக்கவும்."

"செரிங்க," என்று திரையிடமே சொல்லிவிட்டு பாலுசாமி பெஞ்சுக்குப் போனார்.

ஷ்ரவ்யா நேராக சாஜிதாவிடம் வந்தாள். "சிஸ்டர், எங்கப்பா தறிக்குப் பக்கத்துலயே கண்ணைக் கட்டிட்டு வருதுன்னு உக்காந்துட்டாருங்க. கேட்டா ஒண்ணுமில்லைங்கறாரு. அந்த மிசின்கிட்டயும் ஒண்ணுமில்லைன்னே சொல்லிப்போட்டாரு."

சாஜிதா பெஞ்சுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏனுங்ணா, என்ன பண்ணுது?"

"பரவால்லீங்க சிஸ்டர். நீங்க அவசரமா வந்தவங்களப் பாருங்க. நாங்க இருக்கறோம்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

இது எந்த நர்ஸிங் புத்தகத்திலும் இல்லாத வேலை. இந்தப் பக்கத்து ஆட்களிடம் முதலில் வரும் பதில் மரியாதைக்காக. எதிரில் இருப்பவருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று சொல்வது. நோய் இரண்டாவது பதிலில்தான் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கேட்கிறவள் வாயைத் திறந்துவிட்டால் இரண்டாவது பதில் வராது. சாஜிதா மனதுக்குள் எண்ணுவாள். பெரும்பாலும் எட்டு, ஒன்பதில் வந்துவிடும்.

ஆறு. ஏழு. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பாலுசாமியின் சட்டைக் காலர் நனைந்திருந்தது. எட்டு.

"பல்லு வலிங்க," என்றார் அவர், மன்னிப்புக் கேட்பது போல. "ரெண்டு நாளா. தாவாக்கட்டையில புடிச்சு இந்தக் கை வரைக்கும் இழுக்குதுங்க."

சாஜிதா எழுந்தாள். திரையில் பச்சையைச் சிவப்பாக மாற்றினாள். காரணம் கேட்டது. மற்றவை.

ஈ.சி.ஜி. காகிதத்தைப் பார்த்த டியூட்டி டாக்டர் பேசாமல் போனை எடுத்தார். பன்னிரண்டு நிமிடத்தில் பாலுசாமி தள்ளுவண்டியில் கேத் லேபுக்குப் போய்க்கொண்டிருந்தார். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது அங்கே தெரிந்தது. போகும்போது வண்டி தள்ளுகிறவரிடம், "உங்களுக்கு எதுக்குங்க சிரமம், நான் நடந்தே வாரேனுங்க," என்று சொன்னது சாஜிதாவின் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை வந்திருந்தால் பெஞ்சு.

இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்ததும் சாஜிதா சாப்பிடப் போகவில்லை. தரைத்தளத்துக்குக் கீழே இருக்கும் ரெக்கார்ட்ஸ் ரூமுக்குப் போனாள். உதய் சோற்றுப் பாத்திரத்தை அப்போதுதான் திறந்திருந்தான்.

"நாலு வருஷத்துக்கு முந்துன எமர்ஜென்சி சீட்டு வேணும் உதய்."

"இப்பவேங்களா?"

"மூணு மணிக்கு வேணும்."

அவன் பாத்திரத்தை மூடிவிட்டு இரண்டு அட்டைப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தான். நூறு சீட்டு புரட்டுவதற்குள் சாஜிதா தன் கையெழுத்தைப் பார்த்துவிட்டாள். 'நோயாளி சொல்வது: பரவாயில்லை. வலி: லேசு.' அடுத்ததில் கூட வேலை பார்க்கும் மேரி சிஸ்டரின் கையெழுத்து. அதே வார்த்தை. அதற்கடுத்தது மறுபடி அவளுடையது. லேசு. லேசு. லேசு.

தம்பி பொய் சொல்லவில்லை.

நோயாளி சொல்வதை அப்படியே எழுத வேண்டும் என்பது விதி. அப்படியே எழுதினார்கள். அவர் பரவாயில்லை என்றால் லேசு. அதற்கு மேல் யோசிக்க யாருக்கும் நேரமில்லை. யோசிக்கத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால்...

சாஜிதா சீட்டைத் திருப்பினாள்.

பின்பக்கத்திலும் அவள் கையெழுத்துதான். முன்பக்கத்தைவிட அவசரமான எழுத்து. 'முகம் வெளுப்பு. கை ஜில். டாக்டரைக் கூப்பிட்டேன். ஈ.சி.ஜி. ஐ.சி.யு.' மேரி சிஸ்டருடையதைத் திருப்பினாள். 'கேட்டதும் அழுதார். வயிறு கல் மாதிரி. சர்ஜனுக்குச் சொல்லியாச்சு.'

"உதய், கம்பெனிக்காரங்க இதை எல்லாம் ஸ்கேன் பண்ணாங்கதானே?"

"பண்ணாங்க சிஸ்டர். நாப்பதாயிரமும்."

"ரெண்டு பக்கமும்?"

"இல்லீங்க. முன்பக்கம் மட்டும் போதும்னாங்க. போன்லதான் சொன்னாங்க. நானும் செரீன்னுட்டேன்." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "ஏனுங்க சிஸ்டர், தப்பாயிருச்சுங்களா?"

ஆகிவிட்டது. அதை அவனிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஒன்பது சீட்டுக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது மாடிக் கூட்டத்தில் ஆறேழு பேர். மெடிக்கல் சூப்பரின்டெண்டெண்ட் டாக்டர் ஞானாபரணம் நடுவில். கம்பெனித் தலைவர் பிரவின்குமார் திரையின் பக்கத்தில். லேப்டாப் முஜீப்பிடம். அக்கா உள்ளே வந்ததை அவன் பார்த்தான். உடனே பார்வையை இறக்கிக்கொண்டான்.

பிரவின்குமார் நன்றாகவே பேசினார். ஐந்து மாதத்தில் நர்ஸ்கள் நிறத்தை மாற்றியது இத்தனை தடவை, அதில் 'மற்றவை' என்று போட்டது இத்தனை தடவை. "அதாவது சார், காரணமே இல்லாம மாத்தியிருக்காங்க. ஆளுக்கு ஆள் மாறும். எங்க சிஸ்டம் எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்கும். அதுதான் நியாயம்."

"சிஸ்டர், நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார் டாக்டர். கேட்க வேண்டுமே என்று கேட்டது போலத்தான் இருந்தது.

சாஜிதா எழுந்தாள். "தப்பு எங்களோடதுங்க டாக்டர்."

பிரவின்குமாரே அதை எதிர்பார்க்கவில்லை.

அவள் ஒன்பது சீட்டையும் மேஜைமேல் வரிசையாக வைத்தாள். "இதெல்லாம் நானும் மேரி சிஸ்டரும் எழுதுனது. படிங்க. எல்லாத்துலயும் லேசு, லேசுன்னு இருக்கும். இதைப் படிச்சுத்தான் அந்தப் பொட்டி கத்துக்கிச்சு. பரவால்லீங்கன்னா லேசு. நாங்கதான் அதுக்கு வாத்தியாரு."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவர் ஐந்தாவது சீட்டுக்கு வரும்வரை அவள் பொறுத்தாள். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள்.

"முன்பக்கம் பேஷன்ட் சொன்னது. பின்பக்கம் நாங்க பாத்தது. ரெண்டையும் சேத்துத்தான் நாங்க படிப்போம், அதனால முன்பக்கத்துல என்ன எழுதுனாலும் எங்களுக்குக் கவலை இல்லாம இருந்துச்சு. ஸ்கேன் பண்ணது முன்பக்கம் மட்டும். பொட்டி பாதிச் சீட்டத்தான் படிச்சிருக்குது."

முஜீப்பின் விரல்கள் லேப்டாப்பின் மேல் அசையாமல் கிடந்தன.

"எல்லாருக்கும் ஒரே மாதிரின்னு சார் சொன்னாரு. காலையில ஒரு சுளுக்குக்கு மஞ்சள் வந்துச்சு. ஹார்ட் அட்டாக்குக்குப் பச்சை வந்துச்சு. சுளுக்கு சத்தம் போட்டுச்சு, ஹார்ட் அட்டாக்கு கும்பிடு போட்டுச்சு. அவ்வளவுதான் வித்தியாசம். மரியாதையாப் பேசறவங்கதான் டாக்டர் பெஞ்சுல உக்காந்திருக்காங்க. அந்தப் பொத்தானுதான் இப்போதைக்கு எங்க பின்பக்கம். அதையும் எடுத்துட்டீங்கன்னா பாதிச் சீட்டுத்தான் மிஞ்சும்."

டாக்டர் ஞானாபரணம் ஒன்பது பின்பக்கங்களையும் படித்தார். ஒன்றில், கூப்பிட்ட டாக்டர் என்று அவருடைய சொந்தப் பெயர் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முன்பக்கம் மட்டும் போதும்னு யார் சொன்னது?"

"ரெக்கார்ட்ஸ் ரூம்ல குடுத்ததே அவ்வளவுதான் சார்," என்றார் பிரவின்குமார். சட்டென்று வந்த பதில்.

முஜீப் நிமிரவில்லை. உதய் சொன்னதைச் சொல்ல வாயெடுத்த சாஜிதா, தம்பியைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"சரி. பொத்தான் இருக்கட்டும். பின்பக்கமும் படிச்சு முடிக்கட்டும், அதுக்கப்புறம் கையெழுத்தைப் பாத்துக்கலாம். அந்த உதய் திங்கட்கிழமை எனக்கு விளக்கம் எழுதித் தரணும்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொண்ணு. பரவாயில்லைன்னு சொல்லி, பச்சை வாங்கி, காத்திருந்து பாத்துட்டு டாக்டரைப் பாக்காமலே கிளம்பிப் போனவங்க எத்தனை பேர்?"

முஜீப் தட்டினான். "முப்பத்தேழு பேர் சார்."

"லிஸ்டைச் சிஸ்டர்கிட்ட குடுங்க. எல்லாருக்கும் போன் போடணும். இன்னைக்கே ஆரம்பிங்க."

லிஃப்ட் முன்னால் அக்காவும் தம்பியும் மட்டும் நின்றார்கள். அவன் கையில் அந்தப் பட்டியல். அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. ஹுமேராவாக இருக்கும். அல்லது அவள் அத்தாவாக.

"எம்மேல கோவமாடா?"

"இல்லக்கா."

"செரி. நீ எப்படி இருக்கே?"

"பரவால்லக்கா."

சாஜிதா ஒன்றும் சொல்லவில்லை.

லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது, மூடிக்கொண்டது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். தம்பியிடம் இதைச் செய்வது அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் எண்ணினாள். பதினொன்று வரை போயிற்று.

"நான்தான் சொன்னேன்," என்றான் முஜீப். "உதய்கிட்ட போன்ல. ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணா இன்னும் ரெண்டு மாசம் இழுக்கும். அந்தப் பக்கம் ஹுமேராவோட அத்தா நிக்காஹுக்குத் தேதி கேட்டுட்டே இருந்தாரு. பிரவின் சாருக்குக்கூடத் தெரியாது."

"பின்னாடி என்ன இருக்குதுன்னு ஒரு சீட்டையாவது திருப்பிப் பாத்தியா?"

"இல்ல."

"என்கிட்டயாவது கேட்டிருக்கலாமில்ல. ஒரே ஊட்லதான இருக்கோம்? ஒரே தோசைக்கல்லுல சுட்டதத்தான தின்கறோம்?"

அவன் கண் கலங்கியிருந்தது. சாஜிதா அதைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"என்கிட்ட சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்ல முஜீபு. திங்கட்கிழமை விளக்கம் எழுதப்போறவன் உதய். டாக்டர் ரூமு அஞ்சாவது மாடியில இருக்குது."

"சொன்னா எனக்கு வேலை இருக்காதுக்கா."

"தெரியும்."

"நிக்காஹும் இருக்காது."

"அதுவும் தெரியும்."

அவன் கையிலிருந்த பட்டியலை வாங்கிக்கொண்டு அவள் படிக்கட்டை நோக்கி நடந்தாள். பின்னால் லிஃப்ட் மறுபடி வந்து நின்ற சத்தம் கேட்டது. கதவு மூடியது. அது மேலே போனதா கீழே போனதா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நர்ஸ்கள் அறை காலியாக இருந்தது. கதவில் சுற்றறிக்கை இன்னும் ஒட்டியிருந்தது. அதைக் கிழிக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. உட்கார்ந்தாள், போனை இழுத்துக்கொண்டாள். காலையில் தின்ற இரண்டு தோசைக்குப் பிறகு வயிற்றில் ஒன்றுமில்லை.

முதல் பெயர் பங்காரு. வயது ஐம்பத்திரண்டு. உடுமலைப்பேட்டை. பதினோரு நாளைக்கு முன்னால் இரண்டு பஸ் மாறி வந்து, மூன்றரை மணி நேரம் பெஞ்சில் இருந்துவிட்டுத் திரும்பிப் போனவர்.

ஆறு முறை அடித்த பிறகு எடுத்தார்கள்.

"ஆருங்க?"

"பங்காரு அண்ணனுங்களா? கோயமுத்தூரு ஆஸ்பத்திரியில இருந்து சிஸ்டர் பேசறேனுங்க. அன்னைக்கு வந்திருந்தீங்களே."

"அட, ஆமாங்க சிஸ்டர். சொல்லுங்க." பின்னணியில் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். தேங்காய் கொட்டும் சத்தம். ஆள் வேலைக்குப் போயிருக்கிறார். "லேட்டாயிருச்சு, பஸ்ஸு போயிரும்னு கெளம்பிட்டனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"தப்பு எங்களோடதுங்ணா. இப்ப எப்படி இருக்கீங்க?"

"பரவால்லீங்க."

சாஜிதா பேசவில்லை.

மூன்று நொடி ஆயிற்று. ஐந்து ஆயிற்று. மறுமுனையில் அவர் நடக்கிறார் போலிருந்தது. லாரிச் சத்தம் தள்ளிப் போனது. யாரும் இல்லாத இடத்துக்கு வந்துவிட்டார். மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏழு. எட்டு.

"சிஸ்டர்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேனுங்க."

ஒன்பது.

"அது வந்துங்க..." என்றார் பங்காரு.

சாஜிதா பட்டியல் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை மேலே வைத்துக்கொண்டாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.